லேசர் ஒளியும் உறங்கும் கிருமியும்

உடலில் வேண்டாத இடத்தில் வளரும் உரோமத்தை அகற்றும் வழக்கம் மிகப் பழையது. பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்ததும், ஆண்கள் கத்தி கொண்டு சவரஞ் செய்ததும், நூல் கட்டி இழுத்ததும், மெழுகு பூசி உரித்ததும் அவ்வழக்கத்தின் பல படிகளே. அவ்வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது லேசர் ஒளி. மேலைநாட்டு வைத்தியசாலைகளில் தோன்றிய இம்முறை, கொழும்பு போன்ற இலங்கை நகரங்களிலும் இன்று கிடைக்கின்றது. திருமணத்தை எதிர்நோக்கும் இளம்பெண்களும், முகத்தில் மிகையாக உரோமம் வளர்வதால் மனம் வருந்தும் மாதரும், சவரத்தால் கழுத்தில் ஓயாது பரு எழுந்து துன்புறும் ஆடவரும் அதனை நாடிச் செல்கின்றனர்.

அவ்வாறு செல்ல விரும்புவோருள் ஒரு சாராருக்கு ஓர் ஐயம் உண்டு. உதட்டோரத்திலோ மறைவிடத்திலோ அவ்வப்போது சிறு கொப்புளங்கள் தோன்றி மறையும் ஹேர்ப்பீஸ் என்னும் நோய் உடையவர்கள் அவர்கள். லேசர் ஒளி அந்நோயைக் கிளப்பிவிடுமா? ஓரிடத்தில் உள்ளதை மற்றோரிடத்திற்குப் பரப்புமா? இச்சிகிச்சையே தமக்கு விலக்கப்பட்டதா? இவ்வினாக்களை வெளிப்படக் கேட்பதற்கு அவர்கள் கூசுகின்றனர். கேளாமலே சிகிச்சைக்குச் சென்று இடர்ப்படுவோரும் உளர். வீணே அஞ்சி விலகி நிற்போரும் உளர். இரு திறத்தாருக்கும் வேண்டிய விளக்கம் ஒன்றே.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். ஹேர்ப்பீஸ் என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ஊர்ந்து செல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். வடமொழியில் பாம்பைக் குறிக்கும் சர்ப்பம் என்னும் சொல்லும் அதே வேரின் கிளை என்பர் மொழிநூலார். தோலின்மேல் ஊர்ந்து படரும் புண்ணுக்குப் பண்டையோர் இட்ட பெயர் அது. தமிழில் அக்கி என்று வழங்குவது பெரும்பாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நோயாகும். கொப்புளிப்பான் என்னும் சின்னம்மையை உண்டாக்கும் வைரசு, பல்லாண்டு உடலில் ஒடுங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த காலத்திலோ உடம்பின் ஒரு பாகத்தில் பட்டைபோல் எழுப்புவதே அக்கி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் காவிக் குழம்பு கொண்டு அக்கி எழுதும் வழக்கம் இந்நோயைப் பற்றியதே. ஈண்டு விளக்கப்படுவதோ அதனினும் எளியது, ஆயின் அதனினும் பரவலானது. எளிய ஹேர்ப்பீஸ் எனப்படுவது.

எளிய ஹேர்ப்பீஸை உண்டாக்கும் வைரசு இரு வகைப்படும். முதல் வகை பெரும்பாலும் உதட்டையும் வாயையும் சார்ந்தது. குழந்தைப் பருவத்தில் அன்போடு இட்ட முத்தத்தாலேயே பலருக்கு வந்து சேர்வது. இரண்டாம் வகை பெரும்பாலும் மறைவிடத்தைச் சார்ந்தது. எனினும் முதல் வகை மறைவிடத்திலும் காணப்படுவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதிற்குட்பட்டோருள் ஏறத்தாழ 380 கோடி மக்களிடம் முதல் வகையும், 15 வயது முதல் 49 வயது வரையுள்ளோருள் ஏறத்தாழ 52 கோடி மக்களிடம் இரண்டாம் வகையும் குடிகொண்டுள்ளன. இவர்களுட் பெரும்பாலோருக்குத் தம்மிடம் அக்கிருமி இருப்பதே தெரியாது. மூவருள் இருவரிடம் உள்ளதொன்றை ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகக் கொள்வது அறியாமை என்பதற்கு இக்கணக்கே போதிய சான்றாகும்.

இவ்வைரசுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. முதன்முறை தோலில் புண்ணை உண்டாக்கிய பின்னர், அது நரம்பிழை வழியே மேலேறி, நரம்புக் கணுவில் சென்று ஒடுங்கிவிடுகின்றது. உதட்டைச் சார்ந்த வைரசு கபாலத்தின் உட்புறத்தில் காதுக்கு அண்மையிலுள்ள முக்கிளை நரம்பின் கணுவிலும், மறைவிடத்தைச் சார்ந்தது முதுகந்தண்டின் கீழ்ப்புறத்துக் கணுக்களிலும் உறங்குகின்றன. காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், உறக்கமின்மை, மனக்கவலை, தோலிற் பட்ட காயம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவ்வுறக்கத்தைக் கலைக்கலாம். கலைந்த வைரசு வந்த வழியே இறங்கி, முன்பு தோன்றிய இடத்திலோ அதன் அண்மையிலோ மீண்டும் கொப்புளிக்கின்றது. கொப்புளம் எழுமுன் சில மணி நேரமோ ஒரு நாளோ அவ்விடத்தில் குறுகுறுப்பும் எரிவும் தோன்றுவதுண்டு. இந்த முன்னறிவிப்பு மிகப் பயனுடையது. அதன் பயன் பின்னர் விளங்கும்.

இனி, ஒளியின் வரலாறு. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தியடோர் மைமன் என்னும் பௌதிகவியலாளர் செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். சில ஆண்டுகளுள்ளேயே அவ்வொளி தோல் வைத்தியர்களின் கைக்கு வந்தது. ஆனால், வேண்டிய பொருளை மட்டும் சுட்டு, அயலிலுள்ள தோலைக் காப்பது எவ்வாறு என்பது நெடுங்காலம் விடைகாணா வினாவாக இருந்தது. 1983இல் பொஸ்டன் நகரைச் சேர்ந்த அண்டர்சன், பரிஷ் என்னும் இருவர் அதற்கு விடை கண்டனர். ஒவ்வொரு நிறப்பொருளும் தனக்கேற்ற ஒளியையே மிகுதியாக உறிஞ்சும். ஆகவே, அப்பொருளுக்கேற்ற அலைநீளமுடைய ஒளியை, வெப்பம் அயலில் பரவுவதற்கு முன் முடிந்துவிடும் குறுங்காலத் துடிப்பாகச் செலுத்தினால், குறித்த பொருள் மட்டுமே சூடேறிச் சிதையும். இதுவே அவர்கள் வகுத்த தத்துவம். 1996இல் பொஸ்டன் ஆய்வாளர் குழுவொன்று மாணிக்க லேசர் ஒளியால் மயிர்க்கால் சேதமுறுவதையும், உரோம வளர்ச்சி தடைப்படுவதையும் எடுத்துக்காட்டி வெளியிட்டது.

உரோமத்திற்குக் கருநிறம் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். லேசர் ஒளி தோலைக் கடந்து சென்று அம்மெலனினில் உறிஞ்சப்படுகின்றது. அங்கே பிறக்கும் வெப்பம் மயிர்க்காலின் வளரும் பகுதியைச் சிதைக்கின்றது. நரைத்த உரோமத்தில் மெலனின் இன்மையால் இச்சிகிச்சை அங்கே பலிப்பதில்லை. எல்லா உரோமமும் ஒரே காலத்தில் வளர்வதுமில்லை. சில வளரும், சில ஓய்ந்திருக்கும். வளரும் நிலையில் உள்ளவற்றையே ஒளி நன்கு தாக்குமாதலால், நான்கு முதல் எட்டு வாரம் வரை இடைவெளி விட்டு, பல தடவை சிகிச்சை செய்தல் வேண்டும். அதன் பின்னரும் உரோமம் அறவே ஒழியும் என்பதற்கில்லை. நெடுங்காலத்திற்குப் பெரிதும் குறையும் என்பதே நேர்மையான வாக்கு.

இவ்விரு செய்திகளையும் ஒருசேர வைத்து நோக்கினால், தொடக்கத்தில் எழுந்த ஐயம் பெரும்பாலும் தெளிந்துவிடும். லேசர் ஒளி தோலினுள் சில மில்லிமீற்றர் ஆழமே செல்லக்கூடியது. வைரசு உறங்கும் நரம்புக் கணுவோ அதற்கெட்டாத ஆழத்தில் உள்ளது. ஆகவே, ஒளி அக்கணுவைச் சென்று தொடுவதில்லை. அங்குள்ள கிருமியை அழிப்பதுமில்லை, பெருக்குவதுமில்லை. லேசரால் ஹேர்ப்பீஸ் குணமாகும் என்று எவரேனும் கூறினால் அதனையும் நம்பலாகாது. லேசரால் ஹேர்ப்பீஸ் இல்லாதவருக்கும் அது பிறந்துவிடும் என்று கூறினால் அதனையும் நம்பலாகாது. உரோமம் அகற்றும் லேசரின் ஒளி, வெயிலில் கலந்துள்ள ஊதாக் கடந்த கதிரன்று. செந்நிறத்தையும் செந்நிறக்கீழ்க் கதிரையும் சார்ந்தது. வெயில் உதட்டுப் புண்ணைக் கிளப்புவதால் லேசரும் அவ்வாறே கிளப்பும் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது.

அங்ஙனமாயின் அபாயமே இல்லையா? உண்டு, ஆனால் அஃது அளவிற் சிறியது, முன்னரே தடுக்கத்தக்கது. ஒளியின் வெப்பத்தால் தோலில் சிறிது அழற்சி உண்டாகின்றது. அவ்விடத்து நரம்பு நுனிகள் அத்தூண்டலை உணர்கின்றன. காயமும் காய்ச்சலும் உறங்கும் வைரசை எழுப்புவதுபோல, இவ்வழற்சியும் ஒரோவழி எழுப்பலாம். முகச் சுருக்கங்களை நீக்குவதற்காகத் தோலின் மேற்படையையே சுட்டு உரிக்கும் வேறு வகை லேசர் சிகிச்சையில் இவ்வபாயம் மிகுதி. ஆதலால், அச்சிகிச்சையில், முன்பு புண் தோன்றாதவர்களுக்கும் வைரசைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது வைத்தியர் வழக்கம். உரோமம் அகற்றும் லேசரோ மேற்படையைக் குளிர்வித்துக் காத்துக்கொண்டே உள்ளிருக்கும் உரோம வேரைத் தாக்குகின்றது. ஆகவே அதன் பின் ஹேர்ப்பீஸ் எழுதல் அரிது. எழுந்தாலும், முன்பு புண் தோன்றிய இடத்தில், சிறப்பாக உதட்டைச் சுற்றியும் மறைவிடத்தைச் சுற்றியும் சிகிச்சை செய்யும்போதே பெரும்பாலும் எழுகின்றது. உதட்டில் புண் வருபவர் காலிலோ கையிலோ உரோமம் அகற்றுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து பெறப்படும் முதல் விதி இது: புண் உள்ளபோது அவ்விடத்தில் லேசர் கூடாது. இவ்விதிக்கு விலக்கு இல்லை. மேற்படை திறந்து கிடக்கும் இடத்தில் வெப்பம் பட்டால் வலி பெருகும். தீப்புண்ணும் தழும்பும் உண்டாகும். ஆறவேண்டிய புண் ஆறாது நீளும். தோலோடு தொடும் கருவியின் முனையும், தடவப்படும் குளிர்ப்பசையும் புண்ணின் நீரை அயலிலுள்ள தோலுக்குக் கொண்டு செல்லலாம். சிகிச்சைக்கு முன்னர் செய்யும் சவரமும் அத்தகையதே. புண்ணின் மேலாகக் கத்தி செல்லுமாயின், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தோறும் வைரசு விதைக்கப்படும். ஆடவரின் தாடிப் பகுதியில் இவ்வாறு புண் பரவுதல் வைத்தியர்கள் நன்கறிந்த ஒன்று. கொப்புளம் எழாவிடினும், முன்னர்க் கூறிய குறுகுறுப்பும் எரிவும் தோன்றிவிட்டால், அன்றைய சிகிச்சையை ஒத்திவைத்தலே அறிவுடைமை. பொருக்கு உதிர்ந்து, புதுத்தோல் முற்றாக மூடிய பின்னரே மீண்டும் தொடங்கலாம்.

ஒத்திவைப்பதால் வரும் நட்டம் என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. பல மாதங்களாகத் தவணை தவணையாக நிகழும் சிகிச்சையில் ஒரு தவணை இரண்டு வாரம் பிந்துவதால் பயன் கெட்டுப்போவதில்லை. தவணை தப்பிவிடுமே என்று புண்ணை மாவால் மறைத்துக்கொண்டு செல்பவர், சிறிய பயனைக் காக்கப் பெரிய கேட்டை விலைக்கு வாங்குகின்றார்.

இரண்டாம் விதி மருந்தைப் பற்றியது. அடிக்கடி புண் வருபவருக்கு, அவ்விடத்தையோ அதன் அயலையோ லேசர் தொடுமாயின், வைத்தியர் தடுப்பு மருந்து கொடுப்பதுண்டு. அசைக்குளோவிர், வலசைக்குளோவிர் என்பன அம்மருந்துகள். அசைக்குளோவிரை உருவாக்கிய ஆய்வுக்கூடப் பணியில் முன்னின்றவருள் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் அம்மையார். மருந்துகளை ஆக்கும் நெறிகளைக் கண்டமைக்காக 1988ஆம் ஆண்டின் நோபெல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டவர். வைரசு புகுந்த உயிரணுவில் மட்டுமே விழித்துத் தொழிற்படுவது அசைக்குளோவிரின் சிறப்பு. அயலிலுள்ள நல்ல உயிரணுக்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. சிகிச்சைக்கு முதல்நாளிலோ அன்றைய தினத்திலோ தொடங்கிச் சில நாட்கள் இக்குளிகைகளை உட்கொள்வது வழக்கம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவருக்கு அளவு குறைக்கப்படும். பிறருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கி விழுங்குதல் தவறு. இம்மருந்து புண் எழுவதைத் தடுக்குமேயன்றி, நரம்புக் கணுவில் உறங்கும் வைரசை வேரறுக்காது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

மூன்றாம் விதி சிகிச்சை நிலையத்தாருக்கு உரியது. புண் வெளிப்படாத நாட்களிலும் சிலரது தோலில் வைரசு சிறிதளவு வெளிப்படுவதுண்டு. ஆகவே, இன்னாருக்கு நோய் உண்டு, இன்னாருக்கு இல்லை என்று பிரித்துப் பாராது, ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை அணிதலும், கருவியின் முனையை முறையாகக் கிருமிநீக்கம் செய்தலும், பசையைப் பொதுப் பாத்திரத்திலிருந்து கைவிட்டு எடுக்காதிருத்தலும் கட்டாயம். இவ்வைரசு கொழுப்புப் படலம் ஒன்றால் போர்த்தப்பட்டது. அப்படலம் சவர்க்காரத்திற்கும் மதுசாரத்திற்கும் எளிதிற் சிதையும். ஆகவே, தூய்மை பேணும் நிலையத்தில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

இலங்கை மக்களும் தென்னிந்திய மக்களும் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தோலின் நிறம். மெலனின் உரோமத்தில் மட்டுமன்றித் தோலிலும் உண்டு. கருநிறத் தோலில் அது மிகுதி. மெலனினால் பெரிதும் உறிஞ்சப்படும் ஒளியை அத்தோலில் செலுத்தினால், உரோம வேரைச் சேருமுன் தோலே வெந்துபோகும். மாணிக்க லேசரின் அலைநீளம் 694 நனோமீற்றர். அலெக்சாண்ட்ரைற் லேசரினது 755. நியோடிமியம் யாக் எனப்படுவதன் அலைநீளம் 1064. இம்மூன்றனுள் கடைசியிற் கூறியது மெலனினில் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழமாகச் செல்வதால், கருநிறத் தோலுக்கு அதுவே பெரிதும் ஏற்றது. ஹேர்ப்பீஸ் ஆறிய இடத்தில் கரிய மறு சில காலம் எஞ்சி நிற்பதுண்டு. அங்கே மெலனின் திரண்டிருப்பதால், புண் ஆறிவிட்டதென்று உடனே ஒளியைச் செலுத்தினால் அம்மறு சுடுபட்டு மேலும் கருக்கும். மறு மங்கும்வரை பொறுத்தலோ, அவ்விடத்தை விலக்கிச் செய்தலோ தக்கது.

சிகிச்சையின் பின் தோலில் தோன்றும் மாற்றங்களைப் பகுத்தறியவும் தெரிதல் வேண்டும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு தடிப்பும் சிவப்பும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருப்பது இயல்பு. அஃது ஒளி இலக்கைத் தொட்டதன் அடையாளம். கருவியின் முனை பதிந்த வடிவிலேயே விரைவில் கொப்புளம் தோன்றுமாயின், அது தீப்புண்ணாதல் கூடும். சில நாட்கள் கழித்து, சிவந்த தோலின்மேல் நீர் நிறைந்த சிறு கொப்புளங்கள் கொத்தாகத் திரண்டு, எரிவோடும் நோவோடும் எழுமாயின், அது ஹேர்ப்பீஸ் என ஐயுற்று உடனே வைத்தியரைக் காணல் வேண்டும். மருந்து விரைவாகத் தொடங்கப்படுந்தோறும் பயன் மிகும். அக்கொப்புளங்களைத் தொட்ட கையால் கண்ணைத் தொடலாகாது. கருவிழியைப் பற்றும் ஹேர்ப்பீஸ் பார்வையையே கெடுக்கவல்லது.

சிலர் மற்றவரினும் மிகையான எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்வோர் முதலியோரின் உடலில் எதிர்ப்புச் சக்தி குன்றியிருப்பதால் புண் பரந்து கடுமையாகலாம். கரப்பான் நோயால் தோல் வெடித்துள்ளோருக்கும் அவ்வாறே. முன்பு கண்ணில் ஹேர்ப்பீஸ் வந்தவர், முகத்தில் லேசர் செய்யுமுன் கண் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நலம். கருவுற்ற பெண்கள் மகப்பேறு முடியும்வரை உரோமம் அகற்றும் லேசரைத் தள்ளிவைப்பதே பொதுவாக வைத்தியர் கூறும் அறிவுரை.

ஓர் உதாரணம் இவற்றையெல்லாம் தெளிவாக்கும். ஆண்டில் இரு தடவை உதட்டில் கொப்புளம் வரும் ஒரு பெண், திருமணத்திற்குப் பத்து நாள் இருக்கையில், முதன்முறையாக மேலுதட்டு உரோமத்தை லேசரால் அகற்ற எண்ணுகின்றாள் என்று கொள்க. அழைப்பிதழ் கொடுக்க வெயிலில் அலைந்த களைப்பு, உறக்கம் கெட்ட இரவுகள், மனப்பரபரப்பு ஆகிய தூண்டுதல்கள் யாவும் ஏற்கனவே ஒன்றுகூடி நிற்கின்றன. அவற்றோடு லேசரின் அழற்சியும் சேருமாயின், மணவறையில் அமரும் நாளில் உதட்டில் புண் தோன்றினும் வியப்பில்லை. அதே பெண் ஆறு மாதம் முன்னதாகவே தொடங்கி, தன் நோயின் வரலாற்றைச் சொல்லி, வேண்டுமாயின் தடுப்பு மருந்தும் பெற்று, குறுகுறுப்புத் தோன்றிய தவணையை ஒத்திவைத்து வந்தாளாயின், அவள் மற்றெவரையும் போலவே இச்சிகிச்சையின் பயனைப் பெறலாம். இருவேறு முடிவுக்கும் காரணம் ஒளியுமன்று, வைரசுமன்று. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய காலத்தில் சொன்னதும் சொல்லாததுமே.

உண்மையில் இவ்விடயத்தில் பெரிய தடை நாணமே. உதட்டுப் புண்ணைப் பற்றி ஒருவாறு பேசத் துணிபவரும் மறைவிடத்துப் புண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிகிச்சை செய்பவரோ கேட்பதற்குக் கூசி, படிவத்தில் ஒரு கோடிட்டு விட்டுவிடுகின்றார். முன்பு எப்பொழுதேனும் கொப்புளம் வந்ததுண்டா, எவ்விடத்தில், எத்தனை தடவை, கடைசியாக எப்பொழுது, இப்பொழுது உட்கொள்ளும் மருந்து யாது என்னும் ஐந்து வினாக்களைத் தனியிடத்தில், இழிவுக் குறிப்பின்றிக் கேட்பது சிகிச்சையாளரின் கடமை. மறையாது விடை கூறுவது சிகிச்சை பெறுபவரின் உரிமையும் நன்மையுமாகும். தம் நோய் இன்னதென்று நிச்சயமாக அறியாதவர், தோல் வைத்தியரிடமோ, அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலோ சென்று அறியலாம். இலங்கையில் அந்நிலையங்களின் சேவை இலவசமானது. அங்கே கூறப்படுவன இரகசியமாகக் காக்கப்படுவன.

ஆகவே, ஹேர்ப்பீஸ் உடையவருக்கு லேசர் சிகிச்சை விலக்கப்பட்டதன்று. புண் உள்ள நாளில் மட்டுமே அது விலக்கு. புண் இல்லாத நாளில், தக்க கருவியோடும் தூய்மையோடும் தேர்ந்தவர் செய்வாராயின், அது பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. உறங்கும் கிருமி ஒன்றைத் தம் உடலில் தாங்கியிருப்பவர்கள் அதனை நினைந்து ஒடுங்க வேண்டியதில்லை; மறந்துவிடவும் கூடாது. அதன் இயல்பை அறிந்து, அது விழிக்கும் வேளையில் விலகி, உறங்கும் வேளையில் தம் காரியத்தை முடித்துக்கொள்வதே அறிவு காட்டும் வழி.